கோடைக்கானல் மலைச்சாலை: சரிவைக் குறைத்த வரலாறு

வத்தலக்குண்டிலிருந்து கோடைக்கானலுக்குப் பேருந்தில் செல்பவர்கள் ஓர் ஐயம் எழுப்புவதுண்டு. "மலை இதோ எதிரே தெரிகிறது! நேராக ஏறாமல் எதற்காக இப்படிச் சுற்றிச் சுற்றிப் போகவேண்டும்?"

கேள்வி நியாயமானதே. வத்தலக்குண்டு கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 300 மீட்டர் உயரத்தில் உள்ளது. கோடைக்கானலின் உயரம் ஏறத்தாழ 2,100 மீட்டர். இடைப்பட்ட 1,800 மீட்டர் உயரத்தை எட்டுவதற்கு 50 கி.மீ.க்கு மேல் சாலை ஓடுகிறது. இதற்கு விடை பாதி இயற்பியலில் உள்ளது. மீதிப் பாதி வரலாற்றில் உள்ளது.

சாய்தளமே சாலை

பள்ளியில் சாய்தளம் பற்றிப் படித்திருப்பீர்கள். மலைச்சாலையும் ஒரு நீண்ட சாய்தளமே. 15 டன் எடையுள்ள பேருந்து, 10 மீட்டர் தூரத்திற்கு 1 மீட்டர் வீதம் உயரும் சாலையில் ஏறுவதாகக் கொள்வோம். புவியீர்ப்பை எதிர்த்து அது ஒன்றரை டன் எடைக்குச் சமமான விசையைச் செலுத்தவேண்டும். அதே உயர்வை 20 மீட்டர் தூரத்தில் பெற்றால் முக்கால் டன் போதும். உராய்வை நீக்கிப் பார்த்தால், செய்யப்படும் வேலை இரண்டிலும் ஒன்றே. தூரத்தைக் கூட்டி விசையைக் குறைக்கிறோம், அவ்வளவுதான். மலைப்பக்கத்தில் இடம் குறைவு. ஆகவே நீண்ட பாதையை மடித்து மடித்து வைக்கிறோம். அந்த மடிப்புகளே கொண்டையூசி வளைவுகள்.

தோள்கள் சுமந்த காலம்

1821-இல் நில அளவை அதிகாரி பி. எஸ். வார்டு இம்மலைமீது ஏறி அளந்தார். 1845-இல் மதுரைப் பகுதியில் பணியாற்றிய அமெரிக்கப் பாதிரிமார்கள், வெப்பத்திற்கும் நோய்க்கும் அஞ்சி அங்கே வீடுகள் கட்டினர். 1863-இல் மதுரை கலெக்டர் லெவிஞ்ச் முயற்சியால் ஏரி அமைந்தது. ஆனால் ஊருக்கு வண்டிப்பாதை இல்லை.

1875-இல் மதுரைக்கு இருப்புப்பாதை வந்தது. பயணிகள் அம்மையநாயக்கனூரில் இறங்கினர். இன்று கோடைக்கானல் ரோடு எனப்படும் நிலையம் அதுவே. அங்கிருந்து மாட்டுவண்டியில் பெரியகுளம் பக்கம் சென்று, மலையடிவாரத்தில் கிருஷ்ணம நாயக்கன் தோப்பை அடைவர். பிறகு குதிரை, கால்நடை, அல்லது டோலி. அந்தப் பாதை 20 கி.மீ.க்கும் குறைவு. ஆகவே அது செங்குத்தானது.

டோலியில் அமர்ந்த 60 கிலோ மனிதரை 1,700 மீட்டர் உயர்த்த ஏறத்தாழ 10 லட்சம் ஜூல் வேலை தேவை. ஓர் ஆள் 75 வாட் திறனில் இடைவிடாது உழைத்தாலும் ஏறத்தாழ நான்கு மணி நேரமாகும். சுமப்பவர் தம் உடலையும் ஏற்றவேண்டும் என்பதை இக்கணக்கில் நாம் சேர்க்கவில்லை. பாதை குறுகியதாக இருந்ததற்கான விலையை இவர்களுடைய தோள்களே கொடுத்தன.

1899-இல் இங்கே சூரிய ஆய்வுக்கூடம் தொடங்கியபோதும் மோட்டார் சாலை இல்லை. கருவிகளை மனிதரும் விலங்குகளுமே மேலேற்றவேண்டியிருந்தது. 1909-இல் எவர்ஷெட், சூரியப் புள்ளிகளின் ஓரப்பகுதியில் வாயுக்கள் வெளிநோக்கிப் பாய்வதை இங்கே கண்டறிந்தார். இயற்பியல் நூல்களில் இடம்பெற்ற 'எவர்ஷெட் விளைவு' இதுவே. அதற்கு அடியில் பெயரற்ற சுமைக்காரர்களின் உழைப்பும் இருக்கிறது.

லாவின் தடம்

மேஜர் லா என்ற பொறியாளர் மென்சரிவுள்ள வேறொரு தடத்தைத் தேர்ந்து 1875-இல் வேலையைத் தொடங்கினார். சில ஆண்டுகளில் வேலை நின்றது. அரைகுறையாகப் பல ஆண்டுகள் கிடந்த பின், முதல் உலகப்போர்க் காலத்தில், 1914–16 ஆண்டுகளில், மோட்டார் வண்டிகள் ஏறும் சாலையாக அது நிறைவு பெற்றது. டோலிகள் மறைந்தன.

இன்றைய பயணம் இத்தடத்தில்தான். மலைச்சாலை தொடங்கும் இடத்திற்குக் காட்ரோடு என்று பெயர். அது 'காடு' அன்று. மலைப்பாதையைக் குறிக்கும் 'காட்' என்னும் சொல். டம்டம் பாறையிலிருந்து 297 மீட்டர் உயரமுள்ள தலையாறு அருவி, எலியின் வால்போல் மெலிந்து தொங்குவதைக் காணலாம். ஊத்து, பண்ணைக்காடு பிரிவு ஆகியவற்றைத் தாண்டினால் பெருமாள்மலை; பழனிச் சாலை இங்கே வந்து சேர்கிறது. அடுத்து, ஏரியின் உபரிநீர் விழும் வெள்ளி அருவி. பிறகு செண்பகனூர், கோடைக்கானல். அடிவாரத்தின் மாந்தோப்புகள் காப்பிக்கும் மலைவாழைக்கும் இடம் விட்டு, மேலே யூகலிப்டஸும் பைனும் ஆகின்றன. ஆயிரம் மீட்டருக்கு ஏறத்தாழ 6.5 பாகை வீதம் வெப்பநிலை குறைவதால், ஒரே பயணத்தில் 11 அல்லது 12 பாகை குளிர்ச்சியை உணர்கிறோம். காதடைப்பு, காற்றழுத்தம் குறைவதன் அறிகுறி.

மலைக்கும் ஒரு சரிவு உண்டு

சாலையின் சரிவைக் குறைக்க மலையை வெட்டுகிறோம். வெட்டிய இடத்தில் மலையின் சரிவு கூடிவிடுகிறது! மண் ஒரு குறிப்பிட்ட கோணம் வரையே நிலைத்து நிற்கும். மழைநீர் உள்ளே இறங்கினால் மண்ணின் எடை கூடும், பிடிப்பு தளரும். வடகிழக்குப் பருவமழையில் மண் சரிவதன் காரணம் இதுவே. எனவே சாலையோர வடிகாலும், சிறு பாலங்களின் கண்களும், சரிவிலுள்ள மரங்களின் வேர்களும் சாலையின் உறுப்புகளே. அகலப்படுத்த ஒவ்வொரு மீட்டர் வெட்டும்போதும் இதை நினைக்கவேண்டும். வாகன நெரிசலைக் கருதி 2024 மே 7 முதல் இங்கு இ-பாஸ் முறை கொண்டுவரப்பட்டது.

பேருந்துப் பயணியின் கேள்விக்கு இனி விடை சொல்லலாம். இந்தச் சுற்று வழி வீணானதன்று. மனிதத் தோளிலிருந்து சுமையை இறக்கிவைக்க நாம் கொடுத்த தூரம் அது. அந்தச் சுமையை மலையின் தோளில் அளவுக்கு மீறி ஏற்றாமல் இருப்பது நம் பொறுப்பு.