கிழிசலைத் தேடும் கண்: இதயத் தமனிப் பிளவின் இரண்டாம் வகைப் படத்தை வாசித்தல்

தானாக நேரும் இதயத் தமனிப் பிளவை ஆஞ்சியோகிராமில் உறுதிசெய்ய வேண்டுமானால் உட்சுவர் கிழிந்திருக்க வேண்டும், சாயம் இரண்டு வழிகளில் ஓட வேண்டும் என்பது நெடுநாளைய நிபந்தனை. கிழிசல் தெரியாதபோது தமனிக்குள் கருவியைச் செலுத்திப் படமெடுக்காமல் முடிவு கூறலாகாது என்று இந்த மரபினர் இன்றும் வாதிடுகின்றனர். பார்வைக்கு எச்சரிக்கையாகத் தெரியும் இந்த நிலைப்பாடு, நோயின் தொடக்கத்தை விட்டுவிட்டு அதன் பின்விளைவை அடையாளமாகக் கொள்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

நிபந்தனை பிறந்த விதம் கவனிக்கத்தக்கது. இந்நோய் குறித்த முதல் பதிவு 1931இல் வந்தது. 42 வயதுப் பெண் ஒருவரின் பிணப்பரிசோதனையில் கண்ட தமனிப் பிளவும் வெடிப்பும் அதில் விவரிக்கப்பட்டன. அதற்குப் பின்னும் பல பத்தாண்டுகள் நமக்குக் கிடைத்த சான்றுகள் பெரும்பாலும் பிணவறையிலிருந்தே வந்தன. இறந்தவர்களை மட்டும் கொண்டு எழுதப்பட்ட நோய் அரிதானதாகவும் கொடியதாகவும் பிரசவத்தையொட்டி வருவதாகவும் தோன்றியதில் வியப்பில்லை. ஆஞ்சியோகிராம் வந்த பிறகு, அதில் எளிதாகக் கண்ணில் படும் இரட்டை வழி இலக்கணமாகிவிட்டது. ஆனால் ஆஞ்சியோகிராம் காட்டுவது சாயம் ஓடும் உள்வழியை மட்டுமே. சுவரில் நடப்பதை அது நேராகக் காட்டாது.

2014இல் வான்கூவரைச் சேர்ந்த இதயவியலாளர் ஜாக்குலின் சா முன்வைத்த வகைப்பாட்டில் முதல் வகை இரட்டை வழி, இரண்டாம் வகை நீளமான சீரான குறுக்கம், மூன்றாம் வகை கொழுப்புப் படிவைப் போலவே தோன்றும் குறுகிய அடைப்பு. வான்கூவர் தொகுப்பில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு இரண்டாம் வகை. அதாவது இலக்கணம் என்று நாம் கொண்டாடிவந்த படம் சிறுபான்மையினரின் படம். சர்ச்சை முழுவதும் இந்த இரண்டாம் வகையில்தான் குவிந்திருக்கிறது.

அந்தப் படத்தை நெருங்கிப் பார்ப்போம். இடது முன்னிறங்கு தமனி, கேத் லேபில் எல்ஏடி என்று சொல்வது, ஒரு பக்கக் கிளை வரை இயல்பான அகலத்தில் வருகிறது. கிளையைத் தாண்டியதும் அகலம் சட்டென்று குறைகிறது. பிறகு பெரும்பாலும் 20 மில்லிமீட்டருக்கு மேல், விளிம்பில் ஒரு பல்லும் மேடும் இல்லாமல், மெல்லிய கோடாக ஓடுகிறது. இன்னொரு கிளைக்கருகில் பழைய அகலத்துக்குத் திரும்பினால் 2அ. திரும்பாமல் நுனிவரை மெலிந்தே சென்றால் 2ஆ. பிற தமனிகள் வழுவழுப்பாக, பல நேரம் பாம்புபோல் நெளிந்து இருக்கும். நைட்ரோகிளிசரினைத் தமனிக்குள் செலுத்தினாலும் குறுக்கம் விலகாது.

இதில் ஏமாற்றுவது 2ஆ. மெலிந்த பகுதியை ஒப்பிடுவதற்கு அப்பால் இயல்பான தமனி இல்லாததால், 'தமனி பிறப்பிலேயே சிறியது' என்று வாசித்து அறிக்கையில் 'இயல்பு' என எழுதிவிடுகிறோம். டிரோபோனின் உயர்ந்திருக்கிறது, இதய நுனி அசையவில்லை. உடனே டகோட்சுபோ என்ற பெயர் ஒட்டிக்கொள்கிறது. எல்ஏடி பெரும்பாலானோரிடம் நுனியைச் சுற்றி வளைந்து செல்லும். அசைவிழந்த சுவரையும் அதற்கு இரத்தம் தரும் தமனி எங்கே மெலிகிறது என்பதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருந்தால் இந்தக் குழப்பத்தில் பாதி எழுந்திருக்காது.

கிழிசல் மரபு இங்கே ஒரு வலுவான கேள்வியை எழுப்புகிறது: கிழிசல் இருந்தும் நம் கண்ணில் படாமல் போயிருக்கலாமே? இதற்கு விடை தருவது தமனிக்குள்ளிருந்து ஒளியால் படமெடுத்து 10 முதல் 20 மைக்ரான் நுணுக்கத்தில் சுவரைக் காட்டும் ஓசிடி. 2019இல் வெளியான ஓசிடி ஆய்வொன்றில், உள்வழியையும் சுவருக்குள்ளிருந்த இரத்தத் தேக்கத்தையும் இணைக்கும் துளை பலரிடம் காணப்படவில்லை. அதைவிட முக்கியமானது, துளை இல்லாதவர்களிடம்தான் தமனியின் புறச்சுவர் கூடுதலாக வெளித்தள்ளியிருந்தது. இரத்தம் உள்வழியிலிருந்து கிழிசல் வழியே நுழைந்திருந்தால் அதே வழியில் அழுத்தம் தணிந்திருக்க வேண்டும். வெளியேற வழியின்றி அடைபட்ட இரத்தமே சுவரை இப்படித் தள்ளும். முதல் படத்தில் இரத்தத் தேக்கம் மட்டும் தெரிந்த சிலரிடம் சில நாள் கழித்து எடுத்த படத்தில் இரண்டு வழிகள் தெரிந்ததாகவும் பதிவுகள் உள்ளன. இவற்றைச் சேர்த்துப் படித்தால், சுவருக்குள் இரத்தம் கசிவது முதலில், அழுத்தம் மிஞ்சினால் உட்சுவர் கிழிவது பின்னர் என்ற வரிசையே பொருந்துகிறது. எல்லோரிடமும் இதுதான் நடக்கிறது என்று சொல்லவில்லை; ஓசிடி செய்யப்பட்டவர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள், சிறு துளையை இரத்தக்கட்டு மூடியிருக்கவும் கூடும். ஆயினும் மூடிய துளைகளை மட்டும் வைத்து அந்த வெளித்தள்ளலை விளக்க முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

இரண்டாவது மறுப்பு: மறுபடத்தில் தமனி சீராகிவிட்டதைச் சான்றாகக் காட்டுவது சுற்றுவாதம், தமனி இறுக்கமும் நகர்ந்துவந்த இரத்தக்கட்டும்கூடத் தீர்ந்துவிடும். இது நெடுநேரம் நிற்காது. இறுக்கம் நைட்ரோகிளிசரினுக்கு நிமிடங்களில் இளகும். நகர்ந்துவந்த கட்டு தமனியைத் திடீரென முறிக்குமே தவிர நீளமாக மெலியச் செய்யாது. பிளவோ வாரக்கணக்கில் ஆறுகிறது. வான்கூவர் தொகுப்பில் 30 நாள் கழித்து மறுபடம் எடுக்கப்பட்டவற்றில் சுமார் 95 விழுக்காடு ஆறியிருந்தன. வாசிப்பவருக்கு வாசிப்பவர் முடிவு மாறும் என்ற இன்னொரு குறையோ எந்த ஆஞ்சியோகிராமுக்கும் உண்டு.

ஓசிடியை எல்லோருக்கும் செய்துவிட்டால் என்ன? அதற்குத் தமனிக்குள் கம்பியும் குழாயும் செல்ல வேண்டும், சாயத்தை விசையோடு பாய்ச்ச வேண்டும். இளகிய சுவரில் இரண்டுமே பிளவை நீட்டக்கூடும். பலூனும் ஸ்டென்டும் அப்படியே: உள்ளிருக்கும் இரத்தத்தைப் பிதுக்கி அப்பால் தள்ளிவிடும். நிலையாக இருக்கும் நோயாளியிடம் தலையிடாமல் காத்திருப்பதே முதல் தெரிவு என்று 2018இல் அமெரிக்க இதயச் சங்கமும் ஐரோப்பிய இதயவியல் கழகமும் வெளியிட்ட ஆவணங்கள் கூறுகின்றன. ஆக, கண்ணுக்குத் தெரியும் கிழிசலுக்காகக் காத்திருப்பதற்கும் விலை உண்டு. கொழுப்புப் படிவு என்று தவறாக வாசித்தால் தேவையில்லாத ஸ்டென்ட், 'இயல்பு' என்று வாசித்தால் கண்காணிப்பில்லாத வீடு திரும்பல்.

இரத்தக்கட்டைக் கரைக்கும் மருந்தை முதலில் தந்து, 3 முதல் 24 மணி நேரத்துக்குள் பெரிய மருத்துவமனையில் ஆஞ்சியோகிராம் செய்யும் முறை தமிழ்நாட்டின் மாரடைப்புத் திட்டத்தில் நன்கு சோதிக்கப்பட்டது. அதன் பயனை நான் மறுக்கவில்லை. ஆனால் கரைப்பு மருந்து பிளவில் தவிர்க்கப்பட வேண்டிய ஒன்று. இசிஜி மட்டும் கையிலிருக்கும் தாலுகா மருத்துவரால் இதை முன்கூட்டி அறிய முடியாது. அப்படி வந்துசேரும் நாற்பதுகளிலுள்ள பெண்ணின் படத்தில் நீண்ட மெல்லிய குறுக்கம் தெரிந்தால், மருந்து கட்டைக் கரைத்துவிட்டது, மிச்சம் இருப்பது படிவு என்று கொள்வதற்கு முன் வாசிப்பவர் ஒருமுறை நின்றாக வேண்டும்.

சிடி ஆஞ்சியோகிராம் இச்சிக்கலைத் தீர்க்கும் என்ற நம்பிக்கைக்கு இன்னும் அடிப்படை போதாது. பிளவு பெரும்பாலும் தமனியின் நடு, கடைப் பகுதிகளில் நேர்கிறது. அவ்வளவு மெல்லிய இடங்களில் சிடி தடுமாறும். சுவருள் இரத்தத் தேக்கம் சுண்ணம் சேராத படிவைப் போலவும் தெரியும். ஆகவே இயல்பான சிடி பிளவை விலக்காது. தமனியின் தொடக்கப் பகுதியில் ஏற்கெனவே உறுதிசெய்த பிளவு ஆறுவதைப் பின்தொடர அது உதவலாம்.

ஓசிடிக்கு உண்மையான இடம் மூன்றாம் வகையில்தான். குறுகிய அடைப்பு, வேறெங்கும் படிவில்லை, நோயாளியோ இளம்பெண்: அங்கே ஆஞ்சியோகிராம் கைவிரித்துவிடுகிறது, தமனிக்குள் கருவியைச் செலுத்தும் ஆபத்தும் நியாயப்படுகிறது. இரண்டாம் வகைக்கும் அதே விலையைக் கேட்பவர்கள், அந்தப் படத்தில் எது ஐயத்துக்குரியது என்பதை முதலில் குறிப்பிட்டுக் காட்டட்டும்.