கல்வராயன் மலையில் மாற்றுக் கல்வியும் தொழில்நுட்பமும்

மாற்றுக் கல்வி என்பது பள்ளியில் சேராத, இடையில் நின்ற அல்லது வழக்கமான வகுப்பறை முறையில் பின்தங்கிய பிள்ளைகளுக்கு வேறு வழிகளில் கற்பிக்கும் ஏற்பாடுகளைக் குறிக்கும். கள்ளக்குறிச்சி, சேலம் மாவட்டங்களில் பரவியுள்ள கல்வராயன் மலையில் இவ்வேற்பாடுகளின் தேவை மிகுதி. இங்கு மலையாளி பழங்குடியினர் பெரும்பான்மையாக வாழ்கின்றனர். 1976 வரை மூன்று சாகிர்களின் கீழ் இருந்த இம்மலைக்குப் பள்ளிகள் தாமதமாகவே வந்தன. சிற்றூர்கள் சிதறிக் கிடப்பதாலும், பெற்றோர் வேலை தேடி வெளியூர் செல்வதாலும் படிப்பு தடைப்படுகிறது.

செயல்வழிக் கற்றல்

2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய இம்முறை, 2007-08இல் மாநிலத்தின் தொடக்கப் பள்ளிகள் அனைத்திற்கும் விரிந்தது. பாடங்கள் அட்டைகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு பிள்ளையும் தன் வேகத்தில் முன்னேறியது. ஆசிரியர் தரையில் அமர்ந்து வழிகாட்டுபவரானார். அட்டைக்கு மின்சாரமோ அலைவரிசையோ தேவைப்படவில்லை என்பது மலைப் பள்ளிகளுக்குச் சிறு செய்தியன்று.

மின்னணுக் கருவிகள்

2018இல் வெளிவந்த புதிய பாடநூல்களில் விரைவுக் குறியீடுகள் இடம்பெற்றன. 2019 ஆகத்து 26இல் கல்வித் தொலைக்காட்சி தொடங்கப்பட்டது. 2020இல் கொரோனாவால் பள்ளிகள் மூடப்பட்டபோது பாடங்கள் அதன் வழியே ஒளிபரப்பாயின. எனினும் அது ஒருவழித் தொடர்பு. மாணவர் ஐயம் கேட்க இயலாது.

இந்த இழப்பை ஈடுசெய்ய, 2021 அக்டோபர் 27இல் விழுப்புரம் மாவட்டம் மரக்காணம் அருகே இல்லம் தேடிக் கல்வி தொடங்கப்பட்டது. மாதம் 1000 ரூபாய் ஊக்கத்தொகையில் தன்னார்வலர்கள் மாலை வேளையில் கற்பித்தனர். மாநிலமெங்கும் சுமார் 2 இலட்சம் பேர் பணியாற்றினர். பெரும்பாலோர் அந்தந்த ஊர்ப் பெண்கள். வருகைப்பதிவு கைபேசிச் செயலி வழியே நடந்தது. அலைவரிசை எட்டாத சிற்றூரில் பாடம் நடத்தத் தடையில்லை. நடத்தியதைப் பதிவு செய்வதே கடினம்.

ஆசிரியர் மீதான தாக்கம்

தொழில்நுட்பம் ஆசிரியரின் இடத்தைப் பிடிக்கவில்லை, நேரத்தையே பிடித்தது. கல்வித் தகவல் மேலாண்மை முறைமையில் (எமிஸ்) மாணவர் விவரம், வருகை, நலத்திட்டப் பொருள்கள் ஆகியவற்றைப் பதிவேற்றும் பணி அவர்களிடமே இருந்தது. 2022 சூனில் வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்தில் மதிப்பீடுகளும் செயலிக்கு மாறின. ஒரே ஆசிரியர் பல வகுப்புகளைக் கவனிக்கும் ஈராசிரியர் பள்ளிகளில், ஒருவர் கைபேசியில் ஈடுபட்டால் பாதிப் பள்ளி காத்திருக்க வேண்டும். பதிவேற்றப் பணியிலிருந்து விடுவிக்க வேண்டும் என்பது, 2023இல் தொடக்கக் கல்வி ஆசிரியர் இயக்கங்களின் கூட்டு நடவடிக்கைக் குழு (டிட்டோசாக்) முன்வைத்த கோரிக்கைகளுள் ஒன்று.