சேமநிதியில் சேராத உடம்பு

நம் பெரியவர்களிடம் உடற்பயிற்சி பற்றிப் பேச்செடுத்தால் ஒரே பதில்தான் வரும்: "நாங்கல்லாம் தோட்டத்துல வேல செஞ்ச ஒடம்பு, தெரியுமா?" டுரியான் துங்காலில் பொறியியல் படித்த நாலு வருஷமும், இப்போது ஆயர் கெரோ பக்கம் வேலைக்குப் போய் வரும் நாட்களிலும் இதை எத்தனையோ பேர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். சொல்கிறவருக்கு ஐம்பது வயதிருக்கும். சட்டைப்பையில் இனிப்பு நீர் மாத்திரை இருக்கும். அந்தப் பெருமையும் இந்த மாத்திரையும் எப்படி ஒரே ஆளிடம் வந்து சேர்ந்தன? விடை தோட்டத்தின் வரலாற்றில் இருக்கிறது.

மலாயாவில் வணிகத்துக்காக ரப்பர் நடத் தொடங்கியதே மலாக்காவில்தான். 1896இல் டான் சே யான் புக்கிட் லிந்தாங்கில் நட்டார். பிறகு புக்கிட் அசஹானில் பெரிதாக விரித்தார். அடுத்த பத்து, இருபது வருடங்களில் ஜாசினிலும் அலோர் காஜாவிலும் காடு போய்த் தோட்டம் வந்தது. தமிழ்நாட்டிலிருந்து ஆட்கள் வந்தார்கள்.

பால்மரம் வெட்டுவது எப்படிப்பட்ட வேலை என்று என் வயதுக்காரர்கள் பலருக்குத் தெரியாது. இருட்டிலேயே பெரட்டுக்குக் கூட வேண்டும். பேர் வாசித்து முடிந்ததும் அவரவர் நிரைக்கு நடை. பட்டைக்குள் இருக்கும் பால்குழாய்களில் விடியும் முன்புதான் அழுத்தம் அதிகம், அப்போது வெட்டினால்தான் பால் நன்றாக ஒழுகும். ஒருவர் பங்குக்கு 400, 500 மரம். ஒவ்வொன்றிலும் நின்று, குனிந்து, பட்டையை மெல்லிசாகச் சீவி, மங்கைச் சரிசெய்துவிட்டு அடுத்த மரத்துக்கு ஓட வேண்டும். பிறகு அதே நிரையை மறுபடி சுற்றிப் பால் எடுக்க வேண்டும். நிறைந்த வாளிகளைக் காண்டாவில் மாட்டித் தோளில் சுமந்து மேடுபள்ளம் ஏறி இறங்க வேண்டும். இன்று ஜிம்மில் காசு கட்டிச் செய்கிற நடை, குந்தல், பளுத் தூக்கல் எல்லாம் ஒரே காலையில் முடிந்துவிடும்.

இதைச் சொல்லும்போது ஏக்கம் வந்து ஒட்டிக்கொள்ளக் கூடாது. மலேரியாவும் கொக்கிப்புழுவும் தோட்டங்களில் கொன்று குவித்தன. 1957இல்கூட இங்கே பிறந்த ஓர் ஆணின் சராசரி ஆயுட்காலம் சுமார் 56 வருடம்தான். ஊழியர் சேமநிதி 1951இல் தொடங்கியபோது பணத்தை எடுக்கும் வயது 55. எண்பது வயதிலும் நிமிர்ந்து நடந்த தாத்தாவை நினைவில் வைத்திருக்கிறோம். இடையிலேயே போனவர்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

ஆனாலும் உழைப்பு இதயத்தைக் காத்தது என்பதில் உண்மை உண்டு. 1953இல் ஜெர்ரி மோரிஸ் என்ற மருத்துவர் லண்டன் பேருந்து ஊழியர்களைப் பற்றி ஓர் ஆய்வு வெளியிட்டார். எல்லாரும் 35 முதல் 64 வயது வரையிலான ஆண்கள். நாளெல்லாம் உட்கார்ந்து ஓட்டிய டிரைவர்களைவிட, மாடிப் பேருந்தில் தினம் 500 படிக்கு மேல் ஏறி இறங்கிய கண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவு. வந்தாலும் பிந்தியே வந்தது. பிறகு அமெரிக்காவில் ரால்ஃப் பாஃபென்பார்கர் சான் பிரான்சிஸ்கோ துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்களை 22 வருடம் தொடர்ந்து கவனித்தார். கடினமாக உழைத்தவர்களிடம் இதய மரணம் குறைவாக இருந்தது.

எண்பதுகளிலிருந்து நம் பக்கம் என்ன நடந்தது? ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. பல தோட்டங்கள் தாமான்களாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறின. லயத்தை விட்டு வந்தவர்கள் லோரி ஓட்டினார்கள், ஜாகா வேலை பார்த்தார்கள், பத்து பெரண்டாம் தொழிற்சாலைகளில் ஷிப்ட் போட்டார்கள். வேலை உட்கார்ந்துவிட்டது, தட்டில் இருந்த சோறு அதே அளவுதான். தேநீரில் சீனியும் குறையவில்லை. 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இந்தியர்களிடம் அது மற்ற இனத்தவரைவிட அதிகம்.

என் அப்பா சிறுவயதில் தாத்தாவோடு நிரைக்குப் போய் ஒட்டுப்பால் பொறுக்கியவர். இன்று லோரி ஓட்டுகிறார். கிளினிக்கில் நடக்கச் சொன்னபோது, "வேல வெட்டி இல்லாதவன் மாரி ரோட்ட சுத்தச் சொல்றியா?" என்று என்னிடம் கோபப்பட்டார். அவரோடு ஒரே லயத்தில் வளர்ந்தவருக்குப் போன வருஷம் கால்விரலை எடுத்துவிட்டார்கள். அதற்கும் அப்பாவிடம் இருந்த ஒரே பதில், அந்தப் பழைய உடம்புதான்.

அந்தப் பதிலைப் பாஃபென்பார்கரின் இன்னொரு ஆய்வு உடைத்துவிடுகிறது. 1978இல் வெளிவந்த அதில் ஹார்வர்டில் படித்து வெளியேறிய சுமார் 17,000 ஆண்களை ஆராய்ந்தார். கல்லூரிக் காலத்தில் விளையாட்டு வீரராக இருந்து பிறகு சும்மா இருந்தவர்களுக்குப் பழைய ஆட்டம் எந்தப் பாதுகாப்பும் தரவில்லை. இளமையில் ஒன்றும் ஆடாமல், பின்னால் நடக்கவும் ஓடவும் தொடங்கியவர்களுக்குப் பலன் கிடைத்தது. அவரே 45 வயதுக்கு மேல்தான் ஓடத் தொடங்கினார், பிறகு மாரத்தான்கள் ஓடினார். சேமநிதியில் இருபது வயதில் போட்ட வெள்ளி ஐம்பதிலும் இருக்கும். உடம்பில் அப்படி ஒரு கணக்கு கிடையாது.

அப்பாவின் கோபத்துக்கும் வரலாறு உண்டு. தோட்டத்தில் விளையாட்டுக்காக வியர்வை சிந்தியவர் டென்னிஸ் ஆடிய துரை. மற்றவர்களுக்கு வியர்வை என்றால் கூலி. இளைஞர்கள் சாயங்காலம் பந்து உதைத்தார்கள், சிலம்பம் சுற்றினார்கள். கல்யாணம் ஆகிக் குழந்தை பிறந்ததும் அதுவும் நின்றது. கூலியில்லாமல் உடம்பை அசைக்கும் பழக்கம் நடுவயதுக்காரருக்கு யாரும் சொல்லித்தரவில்லை. பெண்களுக்குச் சாயங்காலமே கிடையாது. வெட்டிவிட்டு வந்து ஆயாக் கொட்டகையில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்குப் போனார்கள்.

உலக சுகாதார நிறுவனம் கேட்பது வாரத்தில் 150 நிமிட மிதமான உழைப்பு, இரண்டு நாள் தசைக்கு வேலை. நிரையில் ஒரு காலையிலேயே அதைவிட அதிகம் செய்தவர்கள் நாம். அன்று தினமும் எழுப்பியது பெரட்டு. போகாவிட்டால் பேர் வெட்டுப்படும், கூலி இல்லை. இன்று பேர் வாசிக்க ஆளில்லை. அந்த வேலையை வீட்டில் யாராவது எடுத்துக்கொள்ள வேண்டும். எங்கள் வீட்டில் அம்மா எடுத்துக்கொண்டார். பக்கத்து வீட்டு அக்காக்களோடு ஆறு மணிக்குத் திடலைச் சுற்றப் போகும்போது வாசலில் நின்று அப்பாவின் பேரைச் சத்தமாகக் கூப்பிடுகிறார். லோரி வேலை இல்லாத நாட்களில் முணுமுணுத்துக்கொண்டே அவரும் சப்பாத்தை மாட்டுகிறார்.