படம் யாருடைய களஞ்சியத்தில்?

வெளிநாட்டிலிருந்து பொதி வந்தால் தபாற்காரர் அதைச் சுமந்து வருவதில்லை. அறிவித்தல் துண்டொன்றைத் தந்துவிட்டுப் போவார். நாம்தான் தபாலகத்துக்குச் சென்று பொதியைப் பெறவேண்டும். எம்.எம்.எஸ் எனப்படும் பல்லூடகச் செய்தியும் இவ்வாறே இயங்குகிறது.

முதலாவது குறுஞ்செய்தி 1992 டிசம்பர் 3 ஆம் திகதி பிரித்தானியாவில் அனுப்பப்பட்டது. அதன் கொள்ளளவு 140 பைட்டுகள். ஆங்கிலமாயின் 160 எழுத்துகள் கொள்ளும். யுனிகோட் தமிழாயின் 70 குறியீடுகளே. அதற்குள் புகைப்படத்தை அடக்க முடியாது.

2000 நவம்பரில் ஜப்பானின் ஜே-போன் நிறுவனம், ஷார்ப் தயாரித்த கமெராத் தொலைபேசியுடன் படம் அனுப்பும் வசதியைத் தந்தது. 2002 இல் ஐரோப்பாவில் எம்.எம்.எஸ் சேவை ஆரம்பமானது. அன்றைய அடிப்படைத் தரநிலை படச் செய்தி ஒன்றுக்கு அனுமதித்த அளவு 30 கிலோபைட் மாத்திரமே.

அனுப்பியவரின் படம் முதலில் சேவை நிறுவனத்தின் களஞ்சியக் கணினியைச் சென்றடையும். அங்கிருந்து பெறுநருக்குப் போவது, படம் இருக்கும் முகவரியைத் தாங்கிய சிறு அறிவித்தலே. அவரது தொலைபேசி தரவு இணைப்பின் வழியே சென்று படத்தை இறக்கிக்கொள்ளும். பெறுநரின் கருவிக்கு ஏற்பக் களஞ்சியமே படத்தைச் சுருக்குவதும் உண்டு. குறித்த காலத்துக்குள் எடுக்கப்படாத படம் அழிக்கப்படும்.

2005 ஜூலை 7 ஆம் திகதி லண்டன் சுரங்க ரயில்களில் குண்டுகள் வெடித்தன. பத்திரிகைப் படப்பிடிப்பாளர் எவரும் நுழைய முடியாத சுரங்கத்துள், பயணிகள் தமது கைத்தொலைபேசிகளில் எடுத்த படங்கள் பிபிசியை வந்தடைந்தன. சில மின்னஞ்சலாகவும் சில எம்.எம்.எஸ் ஆகவும் வந்தவை. படப்பிடிப்பாளரின் வருகைக்காகப் பக்கத்தைத் திறந்துவைத்துக் காத்திருந்த தலைமுறையைச் சேர்ந்தவன் நான். அன்று, செய்தியின் முதற் சாட்சி அவ்விடத்தில் நிற்கும் சாதாரண மனிதரே என்பது எனக்கு உறைத்தது.

ஆயினும் அச்சாட்சியின் படம் இன்னொருவரின் களஞ்சியத்தில் தங்கியே எம்மிடம் வந்தது. அக்களஞ்சியக்காரரால் அதைத் திறக்கவும் முடியும். அனுப்பியவர் யாரென அறியவும் முடியும். செய்தி தந்தவரைக் காக்கக் கடமைப்பட்ட பத்திரிகையாளருக்கு இது சிறிய விடயமன்று.

2009 இல் தோன்றிய வட்ஸ்அப்பும் படத்தைக் களஞ்சியத்தில் வைத்து, அதன் இருப்பிடத்தையே பெறுநருக்கு அறிவிக்கிறது. 2016 இல் முழுமையாக நடைமுறைக்கு வந்த மறைகுறியாக்கத்தின் பின்னர், பொதிக்குள் இருப்பதைக் களஞ்சியக்காரரால் பார்க்க முடியாது. ஆனால் யார் யாருக்கு அனுப்பினார் என்பது இன்றும் பொதியின் மேலேயே எழுதப்பட்டிருக்கிறது.