தமிழ்த் திகில் படங்களில் கருவியும் உடலும்

கருவிகள் மனித உடலை ஆட்டிப்படைக்கும் என்ற பயத்தைத் திகில் சினிமா இரண்டு விதமாகக் காட்டியிருக்கிறது. டேவிட் குரோனன்பர்க்கின் 'வீடியோட்ரோம்' (1983) படத்தில் வீடியோ கசெட் மனிதனின் வயிற்றுக்குள்ளேயே போகும். ஜப்பானியப் படமான 'ரிங்கு'வில் (1998) பேய் டிவிக்குள்ளிருந்து தவழ்ந்து வெளியே வரும். தமிழ்ப் படங்கள் அதிகம் நம்பியது பேயைத்தான்; கருவி அதற்கு வாகனம்.

விக்ரம் குமாரின் 'யாவரும் நலம்' (2009) இதற்கு நல்ல உதாரணம். பகல் ஒரு மணிக்கு வீட்டுப் பெண்கள் பார்க்கும் நெடுந்தொடரில், நாயகன் மாதவனின் குடும்பத்தில் நடப்பதெல்லாம் அப்படியே நடக்கும். அந்த வீட்டுக்குள் கைத்தொலைபேசியில் அவரைப் படமெடுத்தால் முகம் கோணிப்போகும். 1977இல் கொல்லப்பட்ட குடும்பம் டிவிக்குள் புகுந்துகொண்டதாகக் கதை. கடைசியில் இன்னொரு ஆவி தொலைபேசிக்குக் குடிமாறுகிறது. படத்தின் மிகச் சாமர்த்தியமான இடம் அதுவே. ஷங்கரின் 'ஐ' (2015) ஊசிமூலம் செலுத்திய கிருமியால் ஓர் ஆணழகனைக் கூனனாக்கியது. ஆனால் அது திகிலைவிட ஒப்பனையில்தான் அக்கறை காட்டிய படம்.

அஸ்வின் சரவணனின் 'கேம் ஓவர்' (2019) உடலுக்கு மிக நெருங்கி வருகிறது. வீடியோ கேம் உருவாக்கும் ஸ்வப்னாவாக டாப்ஸி நடித்தார். அவள் மணிக்கட்டில் குத்திய பச்சை ஓராண்டு கழிந்ததும் வலிக்கத் தொடங்குகிறது. கொலையுண்ட வேறொரு பெண்ணின் அஸ்தி அந்த மையில் தவறுதலாகக் கலந்திருக்கிறது. பிறகு கேமில் போலவே அவளுக்கும் எண்ணி மூன்று உயிர்கள்.

இந்தப் படத்தைக் கிழக்கிலங்கையின் சம்மாந்துறை, கல்முனைப் பக்கம் இருந்து பார்க்கும் முஸ்லிமுக்குப் பயம் வேறொரு இடத்தில் பிடிக்கும். உடல் அல்லாஹ் நம்பி ஒப்படைத்த பொருள், அமானிதம். பச்சை குத்துவதும் ஜனாஸாவை, அதாவது இறந்தவர் உடலை, எரிப்பதும் இஸ்லாமிய மார்க்கத்தில் விலக்கப்பட்டவை. படம் வெளியாகி ஓராண்டு ஆகுமுன், 2020 ஏப்ரலில், கொவிட்டால் இறந்தோரை எரிப்பதை இலங்கை அரசு கட்டாயமாக்கியது. புதைத்தால் நிலத்தடி நீர் கெடும் என்று காரணம் சொல்லப்பட்டது. உலக சுகாதார நிறுவனமோ இரண்டுக்கும் அனுமதி அளித்திருந்தது. 2021 பெப்ரவரியில் புதைப்பதற்கான தடை நீங்கி, மார்ச்சில் ஓட்டமாவடியில் நல்லடக்கம் தொடங்கியது. அந்த மாதங்களைக் கடந்தவருக்குப் படத்தின் அஸ்திச் சிமிழ் வெறும் கதைப்பொருளாகத் தெரியாது. சம்மதம் இல்லாமல் உடலுக்குள் வந்த பொருளைக் காவலாக மாற்றி ஆறுதல் தருகிறது 'கேம் ஓவர்'. சம்மதம் கேட்காதது பற்றி அது அதிகம் அலட்டிக்கொள்ளவில்லை.