கார்பெட் போட்ட மாடிப்படி: கிளீனிங் ஆளைக் கூப்பிடும் முன் என்னவெல்லாம் கேட்க வேண்டும்?

பெங்களூரில் ஒரு டூப்ளெக்ஸ் வீட்டில் வாடகைக்கு இருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அல்லது இந்திராநகரிலோ கோரமங்களாவிலோ பழைய பங்களாவை ஆபீஸாக மாற்றிய ஒரு ஸ்டார்ட்அப்பில், அட்மின் வேலையும் உங்கள் தலையில் விழுந்திருக்கிறது. உள்ளே இருக்கும் மாடிப்படிக்கு கார்பெட் ஒட்டியிருக்கிறார்கள். அடுத்த மாதம் காலி செய்ய வேண்டும். படியின் நடுவில் கறுப்பாக ஒரு தடம், மூன்றாவது படியில் காபி, மேலே எங்கேயோ சாம்பார்.

இது சின்ன விஷயம் இல்லை. மத்திய அரசு 2021-ல் கொண்டுவந்த மாதிரி வாடகைச் சட்டம், குடியிருப்புக்கு 2 மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது என்கிறது. ஆனால் அது மாநிலங்கள் விரும்பி ஏற்றுக்கொண்டால்தான் செல்லும். பெங்களூரில் 5, 6 மாதம், பழைய வழக்கப்படி 10 மாதம்கூட அட்வான்ஸ் கொடுத்தவர்கள் உண்டு. காலி செய்யும்போது அதில் முதலில் கை வைக்கப்படும் இடங்கள் பெயின்ட், டீப் கிளீனிங், கார்பெட். தப்பான முறையில் சுத்தம் செய்து கார்பெட்டைக் கெடுத்துவிட்டால், அழுக்காகவே விட்டிருக்கலாமே என்று தோன்றும்.

தரைக்கு வரும் மெஷின் படிக்கு வராது

ஆபீஸ்களில் ஹவுஸ்கீப்பிங் ஆட்கள் வட்டமாகச் சுற்றும் ஒரு மெஷினைத் தள்ளிக்கொண்டு போவதைப் பார்த்திருப்பீர்கள். சிங்கிள் டிஸ்க் மெஷின். அதன் தட்டு பெரும்பாலும் 17 அங்குலம். வீட்டுப் படியில் கால் வைக்கும் பரப்பு எவ்வளவு? தேசியக் கட்டட விதித்தொகுப்பு குடியிருப்புக்குச் சொல்லும் குறைந்தபட்ச அளவு 250 மில்லிமீட்டர், அதாவது சுமார் 10 அங்குலம். 17 அங்குலத் தட்டை 10 அங்குலப் படியில் எப்படி ஓட்டுவது? 'ஷாம்பூ போட்டுக் கொடுத்துடறோம் சார்' என்று அந்த மெஷினோடு ஒருவர் வந்தால், படிக்கு என்ன பண்ணுவீர்கள் என்று கேளுங்கள். பதில் பிரஷ்ஷும் பக்கெட்டும் என்றால் யோசிக்க வேண்டும். நுரை உள்ளே போகும், அதை உறிஞ்சி எடுக்க எதுவும் இருக்காது.

படிக்கு வேண்டியது சுமார் 4 அங்குல அகலமுள்ள கைக்கருவி. சோபா சுத்தம் செய்யவும் இதைத்தான் பயன்படுத்துவார்கள். மெஷின் கீழ்த்தளத்தில் நிற்க வேண்டும், குழாய் மட்டும் மேலே ஏற வேண்டும். மெஷினைப் படியில் வைத்து ஒவ்வொன்றாக இறக்கும் ஆளை அனுமதிக்காதீர்கள். தண்ணீர் நிரம்பிய மெஷின் உருண்டால் கீழே நிற்பவருக்குத்தான் அடி.

சொல்லப்போனால் இது பழைய யோசனைதான். 1901-ல் ஹியூபர்ட் செசில் பூத் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் உருவாக்கிய வேக்குவம் கிளீனர் வீட்டுக்குள்ளேயே போகாது. குதிரை இழுத்துவரும் வண்டியில் தெருவில் நிற்கும். நீளமான குழாய்கள் மட்டும் ஜன்னல் வழியாக உள்ளே போகும். ஏழாம் எட்வர்டின் முடிசூட்டுக்காக வெஸ்ட்மின்ஸ்டர் அபேயின் கார்பெட்களைச் சுத்தம் செய்தது அந்த மெஷின்தான்.

முதலில் நாரைக் கண்டுபிடியுங்கள்

எந்த முறை என்று முடிவு செய்வது அழுக்கு இல்லை, கார்பெட்டின் நார். ஓரத்தில், கண்ணுக்குத் தெரியாத இடத்தில் ஒரு இழையை மட்டும் வெட்டி எடுத்து, வாஷ்பேசின் மேல் இடுக்கியில் பிடித்து எரித்துப் பாருங்கள். தலைமுடி கருகும் வாசனை வந்து, சாம்பல் விரலில் நொறுங்கினால் கம்பளி. உருகி கெட்டியான மணியாக நின்றால் நைலான், பாலியெஸ்டர், பாலிப்ரொப்பிலீன் போன்ற செயற்கை இழை. காகிதம் எரிவது போல எரிந்தால் சணல், பருத்தி வகை.

நைலானும் பாலிப்ரொப்பிலீனும் முரட்டுப் பிள்ளைகள், சூடான தண்ணீரைத் தாங்கும். கம்பளிக்கு வெதுவெதுப்பான தண்ணீரும் காரம் இல்லாத சோப்பும்தான். குளோரின் ப்ளீச் பட்டால் கம்பளி நிறம் போவதோடு நிற்காது, இழையே கரைந்துவிடும். சணல், சைசல் கார்பெட்டுக்குத் தண்ணீரே ஆகாது. நனைந்து மெதுவாகக் காய்ந்தால் பழுப்பேறிவிடும். லேசாக ஈரமான உறிஞ்சு பொடியைத் தூவி, பிரஷ்ஷால் தேய்த்து, வேக்குவம் போட்டு எடுப்பதே அதற்குச் சரி.

நம்ம ஊரில் பவானி ஜமக்காளத்தை நனைத்து, அடித்துத் துவைத்து, வெயிலில் போட்டுப் பழக்கப்பட்ட கண்ணுக்கு இதெல்லாம் கொஞ்சம் ஓவராகத் தெரியலாம். ஆனால் ஜமக்காளத்தைத் தூக்கிக் காயப்போடலாம். படியில் ஒட்டிய கார்பெட் எங்கேயும் போகாது. உள்ளே போன தண்ணீர் முழுவதும் மேல்வழியாகத்தான் வெளியே வந்தாக வேண்டும்.

தண்ணீருக்கு முன்னால் வேக்குவம்

கார்பெட்டில் இருக்கும் அழுக்கில் பெரும்பகுதி உலர்ந்த தூசியும் மண்ணும்தான். பெங்களூரில் அதோடு செம்மண்ணும் கட்டுமானத் தூசியும் சேர்ந்துகொள்ளும். அதை எடுக்காமல் தண்ணீர் தெளித்தால் சேறுதான் ஆகும். அதனால் வந்தவர் முதல் அரை மணி நேரம் வேக்குவம் மட்டுமே போட்டுக்கொண்டிருந்தால் 'இன்னும் வேலையே ஆரம்பிக்கலையே' என்று நினைக்காதீர்கள். நல்ல ஆள் அவர்.

மேல்படியில் தொடங்கிக் கீழே வர வேண்டும். சுழலும் பிரஷ் உள்ள சின்ன ஹெட், சுவரோரத்துக்குக் குறுகிய முனை, முடிந்தால் முதுகில் மாட்டும் வேக்குவம். படியின் முன்விளிம்பில், மேஸ்திரிகள் 'நோசிங்' என்று சொல்லும் இடத்தில், நேரம் எடுக்க வேண்டும். ஒவ்வொரு காலும் உரசுவது அங்கேதான். அங்கே கார்பெட் தளர்ந்திருந்தால் சுத்தம் செய்வதை நிறுத்திவிட்டு முதலில் அதைச் சரிசெய்யச் சொல்லுங்கள். தளர்ந்த கார்பெட்டும் ஈரமும் சேர்ந்தால் யாராவது விழுவார்கள்.

எந்த முறை?

செயற்கை இழை, பழைய அழுக்கு என்றால் சூடான நீரைப் பீய்ச்சி உடனே உறிஞ்சும் முறை. 'ஸ்டீம் கிளீனிங்' என்று விளம்பரம் செய்வது பெரும்பாலும் இதைத்தான், நீராவி எதுவும் கிடையாது. இதில் சூட்சுமம் பீய்ச்சுவதில் இல்லை, உறிஞ்சுவதில். ஒரு முறை தண்ணீர் விட்டால், விடாமல் இரண்டு மூன்று முறை உறிஞ்ச வேண்டும். அதைச் சரியாகச் செய்யாவிட்டால் அடியில் தங்கிய ஈரம் மேலே ஏறும்போது பழைய கறையையும் கூடவே கொண்டுவரும். 'அன்னைக்குப் போச்சு, மறுநாள் திரும்ப வந்துடுச்சு' என்ற புகாருக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். சோப்பு மிச்சம் இருந்தாலும் வம்பு. பிசுபிசுப்பில் தூசி ஒட்டி, ஒரே மாதத்தில் முன்பைவிட அழுக்காகும்.

ஜூனிலிருந்து அக்டோபர் வரை என்றால் நான் குறைந்த ஈர முறையைத்தான் சொல்வேன். என்காப்ஸுலேஷன் என்று பெயர். திரவத்தைத் தெளித்து பிரஷ் போட்டால், அது அழுக்கைச் சுற்றிக்கொண்டு காய்ந்து பொடியாகும், பிறகு வேக்குவத்தில் வந்துவிடும். பெங்களூர் மழைக்காலத்தில் நன்றாக நனைந்த படி சீக்கிரம் காயாது. ஒன்று இரண்டு நாள் ஈரம் தங்கினால் பூஞ்சை வாசனை ஆரம்பிக்கும்.

தண்ணீர் எங்கிருந்து என்பதும் கேள்விதான். 2024 மார்ச் தட்டுப்பாட்டின்போது பெங்களூர் குடிநீர் வாரியம், குடிநீரில் கார் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்றது. அந்த ஆண்டு அக்டோபரில் காவிரி ஐந்தாம் கட்டத் திட்டம் தினமும் 77.5 கோடி லிட்டரோடு தொடங்கியது. இருந்தும் பல அபார்ட்மென்ட்களில் இன்னும் போர்வெல்லும் டேங்கரும்தான். அந்தக் கடின நீரில் சோப்பு சரியாக நுரைக்காது, மெஷினின் முனை அடைக்கும், காய்ந்ததும் வெள்ளைப் படலம் நிற்கும். காவிரி தண்ணீர் வரும் குழாய் எது என்று காட்டிக் கொடுங்கள். படிக்கு நிறையத் தண்ணீரும் தேவைப்படாது.

மஞ்சள் கறை மட்டும் தனிக்கதை

சாம்பார் கறை மேல் சோப்புத்தூளோ சோடாவோ போட்டால் அது மஞ்சளிலிருந்து சிவப்பாகும். பயப்பட வேண்டாம், மஞ்சளில் உள்ள குர்குமின் காரத்தில் நிறம் மாறுகிறது. மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்து குங்குமம் ஆகும் அதே வேதியியல்தான். எனவே காரமான கிளீனர் வேண்டாம். வெளிர்நிறச் செயற்கை இழை என்றால் 3% ஹைட்ரஜன் பெராக்ஸைடை மறைவான இடத்தில் சோதித்துவிட்டுப் போடலாம். காபிக்கு நீர் கலந்த வினிகரை ஒற்றி எடுங்கள். தேய்த்தால் கறை போகுமோ என்னவோ, இழை பஞ்சாகிவிடும்.

விலையும் பாதுகாப்பும்

சதுர அடிக் கணக்கில் விலை சொன்னால், எதை அளக்கிறார்கள் என்று கேளுங்கள். 3 அடி அகலம், 10 அங்குல மிதிபரப்பு, 7 அங்குல உயரம் என்றால் ஒரு படி சுமார் 4.25 சதுர அடி. 17 படிக்கு 72 சதுர அடி. தரையில் அந்த அளவு கால் மணி நேர வேலையாக இருக்கலாம். படியில் குனிந்து குனிந்து செய்ய வேண்டும். படிக்கு இவ்வளவு என்று பேசுவதே இருவருக்கும் நியாயம்.

ஹீட்டர் உள்ள மெஷினுக்கு 16 ஆம்பியர் பிளக் தேவைப்படலாம். ஈரமும் மின்சாரமும் ஒரே படியில் இருப்பதால், 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி இருக்கும் லைனில் மட்டும் போடச் சொல்லுங்கள். வேலை மேலிருந்து கீழே வரும். செய்பவர் எப்போதும் காய்ந்த கீழ்ப்படியில் நிற்பார். முடிந்த பிறகு சில மணி நேரம் யாரும் ஏறக் கூடாது, அதனால் லேப்டாப், சார்ஜர், மருந்து எல்லாவற்றையும் முன்பே கீழே கொண்டுவந்துவிடுங்கள். படியடியில் ஒரு ஃபேனை மேல்நோக்கி வைத்தால் சீக்கிரம் காயும்.

மறுநாள் நன்றாகக் காய்ந்த பிறகு, பகல் வெளிச்சத்தில் ஒவ்வொரு படியாகப் பாருங்கள். கறை திரும்பி வந்திருந்தால் அன்றே கூப்பிடுங்கள். இதற்கு ஒரு தடவை இலவசமாக வந்து பார்ப்பார்களா என்பதை பணம் கொடுக்கும் முன்பே பேசிவைத்திருக்க வேண்டும். வேலைக்கு முன்னும் பின்னும் எடுத்த போட்டோக்களையும் பில்லையும் ஓனருக்கு அன்றே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள், சாவி கொடுக்கும் நாள்வரை காத்திருக்க வேண்டாம்.