வெட்டாத கத்தி

பழைய ஜெர்மன் பயனெட்டுகளைச் சேகரிப்பவர்களைப் பற்றி இந்த வாரம் படித்தேன். பயனெட் என்றால் துப்பாக்கி முனையில் மாட்டும் கத்தி. ஆனால் இவர்களில் பலர் தேடுவது சண்டைக் கத்தியை அல்ல. பணியில்லாத நேரத்தில் சிப்பாய்கள் இடுப்பில் அழகுக்குக் கட்டிக்கொண்டு ஊர் சுற்றிய கத்தியை. சோலிங்கன் நகரத்தில் செய்தவை. நிக்கல் பூச்சு பளபளக்கும், கூர் தீட்டியிருக்காது. பலவற்றைத் துப்பாக்கியில் மாட்டவே முடியாது! அரசாங்கம் கொடுத்ததும் அல்ல, அவன் கைக்காசில் வாங்கியது.

சிலவற்றின் அலகில் 'என் படைப்பணிக் காலத்தின் நினைவாக' என்று ஜெர்மன் மொழியில் பொறித்திருக்கும். பணி முடிந்தது என்று வீட்டுக்குப் போனவர்கள். 1914-இல் போர் வந்ததும் பலரை மறுபடி கூப்பிட்டுக்கொண்டார்கள்.

எழுத்துள்ள கத்திக்கு இன்று விலை அதிகமாம். நானாக இருந்தால் அந்தப் பையனின் பெயரைத்தான் முதலில் தேடுவேன். படைப்பிரிவின் பெயர் இருப்பதுண்டு. அவன் பெயர் அரிது.